எரிசக்தித் துறையில் அரசு ஒப்பந்தம் பெறுவது எப்படி? தேடலில் தொடங்கி நிறைவுச் சான்றிதழ் வரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துணை மின்நிலைய டெண்டரில் எங்கள் விலை உறையைத் திறக்கவே இல்லை. மூன்று மாத உழைப்பு வீணானது. காரணம், டெண்டரோடு பிணையாக வைக்கும் வங்கி உத்தரவாதத்தில் இருந்த ஒரு தேதி. ஒப்பந்தப்புள்ளி செல்லுபடியாகும் காலம் முடிந்த பிறகும் 28 நாள்களுக்கு உத்தரவாதம் நீடிக்க வேண்டும் என்று ஆவணம் சொன்னது. நாங்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டு வங்கியில் வாங்கி வைத்திருந்தோம். இடையில் ஒரு திருத்த அறிவிப்பு வந்தது. சமர்ப்பிக்கும் நாள் இரண்டு வாரம் தள்ளிப்போனது. விலையைத் திருத்தினோம், வரைபடங்களைத் திருத்தினோம், உத்தரவாதத்தைத் திருத்த மறந்துவிட்டோம். 14 நாள் குறைந்தது. அதோடு சரி.

அன்றிலிருந்து ஒன்றை உறுதியாக நம்புகிறேன். அரசு ஒப்பந்தங்களில் பாதிப் போட்டி விலை உறை பிரிக்கப்படும் முன்பே முடிந்துவிடுகிறது. விலையை அடித்துக் குறைத்தவர்தான் ஜெயிப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் பேசுவார்கள். உள்ளே இருந்து பார்த்தால், ஆவணத்தைக் கடைசி இணைப்பு வரை படித்தவருக்கே வாய்ப்பு அதிகம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் விலைக்கு முந்தைய வேலைகளுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: எந்தக் களம் என்று முடிவு செய்யுங்கள்

எரிசக்தித் துறையில் அரசு வாங்குவது ஒரே மாதிரியான பொருள் இல்லை. மின்மாற்றி, கேபிள், மீட்டர் போன்ற பொருள்களை வாங்கும் டெண்டர் ஒரு வகை. துணை மின்நிலையம் அல்லது மின்தொடர் பாதையை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் முழுப்பொறுப்பு ஒப்பந்தம் இன்னொரு வகை. சூரிய, காற்றாலை மின்சாரத்தை ஒரு யூனிட் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்கும் ஏலம் மூன்றாவது. அரசுக் கட்டடங்களில் மின்செலவைக் குறைத்துக் கொடுத்து, மிச்சமான பணத்திலிருந்து கூலி பெறும் சேமிப்பு ஒப்பந்தம் நான்காவது. இவை தவிர ஆலோசனைப் பணி, பராமரிப்புப் பணி, மீட்டர் அளவெடுக்கும் பணி என்று சிறிதும் பெரிதுமாக நிறைய உண்டு.

ஒவ்வொன்றிலும் பணம் வரும் வேகம் வேறு. பொருள் டெண்டரில் ஒப்படைத்த சில வாரங்களில் பில் போடலாம். முழுப்பொறுப்பு ஒப்பந்தத்தில் பணம் கட்டம் கட்டமாக வரும். கடைசிக் கட்டப் பணம், பழுது வந்தால் நீங்களே சரிசெய்து தர வேண்டிய உத்தரவாதக் காலம் முடியும்வரை பிடித்து வைக்கப்படும். மின்சார விற்பனை ஒப்பந்தத்தில் முதலில் முழு முதலீட்டையும் நீங்கள் போட வேண்டும். அது 20, 25 ஆண்டுகளில் திரும்பும். சேமிப்பு ஒப்பந்தமும் நீண்டதுதான். அமெரிக்கக் கூட்டரசுத் துறைகள் 25 ஆண்டு வரை அப்படிப்பட்ட ஒப்பந்தம் போடச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் நடைமுறை மூலதனம் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் எந்தக் களம் என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, ஏதாவது ஒரு வகையை எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டு அதிலேயே நில்லுங்கள். ஒரு கொள்முதல் அமைப்பின் ஆவணங்களைப் பத்து முறை படித்தவருக்கு அதன் பழக்கங்கள் கைவந்துவிடும். எது வெறும் வார்ப்புரு வாசகம், எது இந்த முறை புதிதாகச் சேர்த்தது என்று பார்த்ததும் தெரியும்.

இரண்டாம் படி: டெண்டர் வருவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசுக் கொள்முதல் இணையத் தளங்களில் பதிவு செய்யும் வேலை எளிது, ஆனால் நாள் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘டெட்’ தளம், அமெரிக்கக் கூட்டரசின் ‘சாம்’ தளம், இந்தியாவின் ‘ஜெம்’ தளமும் மத்திய கொள்முதல் தளமும், சிங்கப்பூரின் ‘ஜெபிஸ்’, ஐ.நா. அமைப்புகளுக்கான உலகச் சந்தைத் தளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாள எண், தனித்தனி மின்கையொப்ப விதி. அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் பழைய ‘டன்ஸ்’ எண்ணை எடுத்துவிட்டுப் புதிய அடையாள எண்ணைக் கொண்டுவந்தார்கள். இப்படி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே டெண்டர் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம், அறிவிப்புக்கு முன்னால் கிடைக்கும் தடயங்கள். மின்துறையில் எதுவும் திடீரென்று வராது. ஒரு மின் பகிர்மான நிறுவனம் புதிய துணை மின்நிலையம் கட்ட வேண்டுமென்றால், அந்தச் செலவை ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அந்த மனுவும் ஆணையும் பல நாடுகளில் பொது ஆவணங்கள். எந்த ஊரில் எந்தத் திறனில் எந்த ஆண்டு கட்டப்போகிறார்கள் என்பது, டெண்டர் வெளிவருவதற்கு வெகு முன்பே அதில் இருக்கும். உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டம் என்றால் கொள்முதல் திட்டமே தனியாக வெளியிடப்படும். எந்தத் தொகுப்பு, எந்த முறையில், எப்போது என்று அதில் பார்க்கலாம். ஐரோப்பாவில் முன்னறிவிப்பு வெளியிடும் வழக்கம் உண்டு.

நாங்கள் மாதத்தில் ஒருநாள் இந்த ஆவணங்களைப் படிப்பதற்கென்றே ஒதுக்குகிறோம். டெண்டர் வந்தபின் கையில் இருப்பது நான்கு முதல் ஆறு வாரம்தான். ஒரு மின்மாற்றியை வடிவமைத்து, ஆய்வகத்தில் சோதித்து, சான்றிதழ் வாங்க அது ஒருநாளும் போதாது.

மூன்றாம் படி: சோதனைச் சான்றிதழும் தகுதிக் கணக்கும்

பொருள் டெண்டர்களில் ஆள்கள் அதிகம் விழும் இடம் இதுதான். வாங்கும் அமைப்பு ‘வகைச் சோதனை அறிக்கை’ கேட்கும். அதே வடிவமைப்பில் செய்த ஒரு மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் சோதித்துத் தேறியது என்ற அறிக்கை அது. மின்மாற்றிக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60076 வரிசை, மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் உயர் மின்னழுத்தச் சுவிட்ச்கியருக்கு 62271 வரிசை, சூரியத் தகடுகளுக்கு 61215, 61730 என்று ஒவ்வொரு பொருளுக்கும் தரநிலை உண்டு. ஆய்வகம் ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அறிக்கையின் வயது முதலாவது. சமர்ப்பிக்கும் நாளிலிருந்து இத்தனை ஆண்டுக்குள் சோதித்திருக்க வேண்டும் என்று வரம்பு இருக்கும். அந்த வரம்பை நான்கு மாதம் தாண்டிவிட்டதால் நிராகரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, எந்தப் பொருளைச் சோதித்தார்கள் என்பது. 500 கே.வி.ஏ. மின்மாற்றியின் அறிக்கையை 1,000 கே.வி.ஏ. டெண்டருக்கு வைத்தால் சில அமைப்புகள் ஏற்கும், பல ஏற்காது. ஆவணத்தில் தெளிவில்லையென்றால் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். மூன்றாவது, குறுக்குச்சுற்று தாங்கும் சோதனை. 60076 வரிசையின் ஐந்தாம் பகுதியில் வருவது இது. பெங்களூரின் மத்திய மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையம், நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் உள்ள கேமா ஆய்வகம் போன்ற சில இடங்களில்தான் பெரிய அளவில் இதைச் செய்ய முடியும். அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். சோதனையில் சுருள் விலகிவிட்டால் வடிவமைப்பைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இந்தச் செலவை எந்த ஒரு டெண்டரின் கணக்கிலும் எழுத முடியாது. நிறுவனத்தின் முதலீடாகவே பாருங்கள்.

நிதித் தகுதி எளிய கணக்குதான். சராசரி ஆண்டு விற்றுமுதல், நிகர மதிப்பு, கையில் புரளும் பணம் அல்லது வங்கி கொடுக்கும் கடன் வரம்பு. தணிக்கை செய்த கணக்குகளைத் தயாராக வைத்திருந்தால் போதும்.

கஷ்டம், ‘இதேபோன்ற பணி’ அனுபவம். இத்தனை ஆண்டில் இத்தனை மதிப்புக்கு ஒரு பணியை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். முதல் பணி கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும்? நேர்மையான வழிகள் மூன்று. பெரிய ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்ததாரராகச் சேர்ந்து, செய்த பகுதிக்கு இறுதிப் பயனாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் வாங்குவது. தொழிற்சாலை, மருத்துவமனை போன்ற தனியார் வாடிக்கையாளரிடம் அதே மின்னழுத்த நிலையில் வேலை செய்து காட்டுவது. இல்லையென்றால் அனுபவம் உள்ளவரோடு கூட்டு ஒப்பந்தம் போடுவது. கூட்டுக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பெரும்பாலும் எல்லாக் கூட்டாளிகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கும். கூட்டாளி பாதியில் கைவிட்டால் மீதியை முடிக்க வேண்டியவர் நீங்கள்.

நான்காம் படி: போட்டியிடலாமா, விடலாமா

ஒரு தீவிரமான ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கப் பணமும் ஆளும் செலவாகும். எல்லாவற்றுக்கும் போட்டியிடும் நிறுவனம் எதையும் சரியாகத் தயாரிக்காது. ஆவணம் வந்த மூன்றாம் நாள் உட்கார்ந்து முடிவெடுங்கள். கட்டாயத் தகுதி ஒவ்வொன்றும் இன்றைய தேதியில் நம்மிடம் இருக்கிறதா? வாங்கும் அமைப்பு பில்லுக்குப் பணம் தர எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது? திட்டத்துக்கான நிதி உறுதியாகிவிட்டதா? நிலமும் வனத்துறை அனுமதியும் யார் பொறுப்பு? இவற்றில் ஒன்றுக்கு மோசமான பதில் வந்தாலும் நான் தயங்குவேன். இரண்டுக்கு வந்தால் விட்டுவிடுவேன். விட்டதற்காக வருந்திய டெண்டர் எனக்கு ஒன்றோ இரண்டோதான். எடுத்ததற்காக வருந்தியவை அதைவிட அதிகம்.

ஐந்தாம் படி: ஆவணத்தைப் படிக்கும் முறை

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். ஆவணத்தில் ‘வேண்டும்’, ‘கட்டாயம்’, ‘சமர்ப்பிக்க’ என்று வரும் ஒவ்வொரு வாக்கியமும் அதில் ஒரு வரி. பக்க எண், என்ன கேட்கிறார்கள், நம் பதில் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, முடிந்ததா. 200 வரி வரும், சில சமயம் 400. அலுப்பான வேலை. ஆனால் மதிப்பீட்டுக் குழுவும் இதே மாதிரி ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டுதான் உங்கள் ஆவணத்தைப் புரட்டும். அவர்கள் தேடும் வரிசையிலேயே நீங்கள் அடுக்கிக் கொடுத்தால் அவர்கள் வேலையும் எளிதாகிறது, உங்களுக்கு எதுவும் தவறுவதுமில்லை.

அந்த அட்டவணையில் இப்போது எனக்கு ஒரு தனி நிரல் உண்டு. ‘தேதி மாறினால் இது மாறுமா?’ உத்தரவாதம், விலை செல்லுபடி, உற்பத்தியாளர் அனுமதிக் கடிதம், சோதனை அறிக்கையின் வயது, காப்பீடு. திருத்த அறிவிப்பு ஒன்று வந்தால் இந்த நிரலை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்.

அப்புறம், கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். சமர்ப்பிக்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்துக்கும் எழுத்துமூலக் கேள்விகளுக்கும் கடைசி நாள் உண்டு. பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும். உங்கள் பெயர் போகாது. ஆகவே உங்கள் உத்தி வெளிப்படும் கேள்வியைத் தவிர்த்து, தெளிவின்மையைச் சுட்டும் கேள்வியைக் கேளுங்கள். ஒரே ஓர் உற்பத்தியாளரால் மட்டும் கொடுக்கக்கூடிய விவரக்குறிப்பு இருந்தால், ‘அல்லது இதற்கு இணையானது’ என்று சேர்க்க முடியுமா எனத் தரநிலையின் எண்ணோடு கேட்கலாம். கேள்விக்கான கடைசி நாள் கடந்தபின் நிபந்தனை போட்டு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தால் பெரும்பாலும் அது விலகலாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும்.

ஒப்பந்த நிபந்தனைகள் எந்த வார்ப்புருவில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பெரிய பணிகளில் ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ‘ஃபிடிக்’ வெளியிடும் வார்ப்புருக்கள் அதிகம். அவற்றை அட்டை நிறத்தால் அழைப்பார்கள். சிவப்பு நூலில் வடிவமைப்பு வாங்குபவருடையது. மஞ்சளில் வடிவமைப்பு ஒப்பந்ததாரருடையது. வெள்ளி நூலில் எதிர்பாராத நிலத்தடிச் சிக்கல் உட்படப் பெரும்பாலான அபாயங்கள் ஒப்பந்ததாரர் தலையில். ஒரே கோபுரம், ஒரே அடித்தளம். ஆனால் மஞ்சளில் நீங்கள் கொடுக்கும் விலையை வெள்ளியில் கொடுத்தால், தோண்டும்போது பாறை வந்தால் செலவு உங்களுடையது.

ஆறாம் படி: அவர்கள் போடும் கணக்கை நீங்களும் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எரிசக்தித் துறையின் தனித்தன்மையும் இங்கேதான் தெரியும்.

மின்மாற்றியை வாங்கும்போது கொடுக்கும் விலை அதன் உண்மைச் செலவில் ஒரு பங்குதான். இணைப்புக் கொடுத்த நொடியிலிருந்து அது மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கி வீணடிக்கும். இழப்பு இரண்டு வகை. பளு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுருள்கள் சுற்றப்பட்ட எஃகு உள்ளகத்தில் ஏற்படும் வெற்றோட்ட இழப்பு ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடும். சுருளில் ஏற்படும் பளு இழப்பு, பளுவின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதிப் பளுவில் கால் பங்கு இழப்புத்தான். ஒரு வாட் வெற்றோட்ட இழப்பு என்றால் ஆண்டுக்கு 8.76 யூனிட், 25 ஆண்டில் 219 யூனிட். அத்தனை யூனிட்டுக்கும் பணம் கட்டப்போவது வாங்கும் அமைப்புதான். அதனால் விவரமான அமைப்புகள் இந்த எதிர்கால இழப்பை இன்றைய பண மதிப்புக்கு மாற்றி, ஒரு வாட்டுக்கு இவ்வளவு என்று விலையோடு சேர்த்து மதிப்பிடுகின்றன.

ஓர் உதாரணம். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். ஆவணம் சொல்கிறது: வெற்றோட்ட இழப்புக்கு வாட்டுக்கு 6, பளு இழப்புக்கு வாட்டுக்கு 1.5.

முதல் நிறுவனத்தின் விலை 20,000. வெற்றோட்ட இழப்பு 1,000 வாட், பளு இழப்பு 10,000 வாட். மதிப்பிட்ட விலை: 20,000 + 6,000 + 15,000 = 41,000.

இரண்டாம் நிறுவனத்தின் விலை 22,500. இழப்புகள் 700 வாட், 8,500 வாட். மதிப்பிட்ட விலை: 22,500 + 4,200 + 12,750 = 39,450.

விலை எட்டில் ஒரு பங்கு கூடுதல், ஆனாலும் ஒப்பந்தம் இரண்டாமவருக்கு. முதல் நிறுவனத்தின் விற்பனை மேலாளர் விலையைக் குறைக்கப் போராடிய நேரத்தில், இரண்டாம் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் உள்ளகத்துக்கு நல்ல எஃகும் சுருளுக்குத் தடித்த கம்பியும் போட்டால் எவ்வளவு செலவு கூடும், எவ்வளவு இழப்பு குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இரண்டு எண்களே நிறையச் சொல்லும். 1.5 என்பது 6-இல் கால் பங்கு. பாதிப் பளுவில் பளு இழப்பும் கால் பங்கு. ஆக, இந்த அமைப்பு தன் மின்மாற்றிகள் சராசரியாகப் பாதிப் பளுவுக்கு அருகில் ஓடும் என்று நினைக்கிறது. இன்னொரு அமைப்பு 6-க்கு 0.6 கொடுத்தால், அங்கே பளு குறைவு. சுருளின் செம்பில் கொட்டும் பணத்தை உள்ளக எஃகில் போடுவதே புத்திசாலித்தனம். ஒரே வடிவமைப்பை எல்லா டெண்டருக்கும் கொடுப்பவர்கள் இந்தத் தகவலைப் பார்ப்பதே இல்லை.

எச்சரிக்கை ஒன்று. உத்தரவாதமாகக் கொடுத்த இழப்பை ஏற்புச் சோதனையில் அளந்து பார்ப்பார்கள். ஐ.இ.சி. 60076 தரநிலை மொத்த இழப்பில் 10 சதவீதமும், தனித்தனி இழப்பில் 15 சதவீதமும் கூடுதலை அனுமதிக்கிறது. ஆனால் பல கொள்முதல் ஆவணங்கள் அந்தச் சலுகையை நீக்கிவிட்டு, கூடும் ஒவ்வொரு வாட்டுக்கும் அதே விகிதத்திலோ அதற்கு மேலோ பிடித்தம் செய்யும். எல்லை மீறினால் பொருளையே திருப்பி அனுப்பும். காகிதத்தில் மட்டும் இழப்பைக் குறைத்துக் காட்டி வென்றவர்களுக்கு ஆய்வகத்தில் பதில் கிடைத்துவிடும்.

மற்ற களங்களிலும் இதே பாடம்தான், சூத்திரம் மட்டும் வேறு. சூரிய மின்நிலையக் கட்டுமானத்தில் செயல்திறன் விகிதத்துக்கு, அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் உண்மையில் கிடைக்கும் பங்குக்கு, உத்தரவாதம் கேட்பார்கள். மின்சார ஏலத்தில் எத்தனை யூனிட் உற்பத்தியாகும் என்ற மதிப்பீடே எல்லாம். இரண்டில் ஓர் ஆண்டு எட்டக்கூடிய அளவை வைத்து விலை சொல்வது வேறு. பத்தில் ஒன்பது ஆண்டு எட்டக்கூடிய அளவை வைத்துச் சொல்வது வேறு. கடன் கொடுப்பவர் இரண்டாவதைத்தான் பார்ப்பார். தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் தரும் ஆலோசனை ஒப்பந்தங்களில், மதிப்பெண் அதிகமுள்ள தலைப்புக்கு அதற்கேற்ற பக்கங்களை ஒதுக்குங்கள்.

ஏழாம் படி: விலை

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்க அரசு விட்ட எண்ணெய்க் குத்தகை ஏலங்களில் வென்ற நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பது கேள்வி. அவர்கள் கண்டது இது: கீழே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, மிகையாக மதிப்பிட்டவரே அதிகத் தொகை கேட்டு வெல்கிறார். வென்றதே அவர் தவறாகக் கணக்குப் போட்டதற்கு ஓர் அறிகுறி. போட்டியாளர்கள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். டெண்டரில் இது தலைகீழாக நடக்கும்: செலவைக் குறைத்து மதிப்பிட்டவர் வெல்வார்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஏலத்தில் நார்ஃபோக் போரியஸ் கடல் காற்றாலைத் திட்டம் மெகாவாட்மணிக்கு 37.35 பவுண்டு (2012 விலைமட்டத்தில்) என்ற விலைக்கு வென்றது. அடுத்த ஆண்டு ஜூலையில், செலவு 40 சதவீதம் வரை கூடிவிட்டதாகச் சொல்லி வாட்டன்ஃபால் நிறுவனம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. 2023 செப்டம்பரில் முடிவு வெளியான அடுத்த ஏலத்தில், அரசு வைத்த உச்சவரம்பு விலை கட்டுப்படியாகாது என்று கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அடுத்த சுற்றில் அரசு வரம்பை 44 பவுண்டிலிருந்து 73 பவுண்டுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. ஒதுங்கி நின்றதும் ஒரு சரியான விலை முடிவுதான்.

விலையை மூன்று அடுக்காகப் போடுவது என் பழக்கம். முதலில் பொருள், கூலி, போக்குவரத்து. அடுத்து, பணத்தின் விலை. பில் கொடுத்து 120 நாள் கழித்துப் பணம் வரும் என்றால் அந்த நான்கு மாத வட்டி, உத்தரவாதங்களுக்கான வங்கிக் கட்டணம், பிடித்து வைக்கும் தொகையின் வட்டி. சிறு நிறுவனங்கள் இந்த அடுக்கையே மறந்துவிடுகின்றன. மூன்றாவது, அபாயத்தின் விலை. செம்பும் அலுமினியமும் ஒப்பந்த காலத்தில் ஏறினால் யார் தாங்குவது? விலை மாற்றச் சூத்திரம் இருந்தால் அதில் உலோகத்தின் பங்கு உங்கள் உண்மைச் செலவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சூத்திரம் இல்லையென்றால், வென்ற அன்றே உலோகத்தை விலைபேசிப் பூட்ட விற்பனையாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தாமதத் தண்டம் வாரத்துக்கு அரை சதவீதம், உச்சம் 10 சதவீதம் என்பது அடிக்கடி காணும் அளவு. உங்கள் லாபமே 8 சதவீதம் என்றால், முழுத் தண்டமும் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் கூட்டியபின் வரும் எண்தான் உங்கள் அடிநிலை. தலைகீழ் ஏலத்தில் திரையில் விலை இறங்கிக்கொண்டே போகும்போது மனம் அலைபாயும். அடிநிலை எண்ணை முதல்நாளே எழுதி, ஏலத்தில் உட்காராத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே போக அவர் சம்மதம் வேண்டும்.

எட்டாம் படி: சமர்ப்பித்தல்

தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறையில் போகும் டெண்டர்களில், தொழில்நுட்ப உறையில் விலை எங்கேயும் தெரியக்கூடாது. ஒரு துணை ஆவணத்தின் மூலையில் விலை தெரிந்தாலும் நிராகரிப்புத்தான். உலக வங்கி முறையிலும் அதைப் பின்பற்றும் பல முறைகளிலும், கூட்டலில் பிழை இருந்தால் அலகு விலையை வைத்து மொத்தத்தைத் திருத்துவார்கள்; எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண் இருந்தால் எழுத்தே நிற்கும். எனவே அலகு விலையில் ஓர் இலக்கம் தவறினால் பாதிப்பு பெரிது. விலைப்பட்டியலைத் தயாரித்தவர் தவிர வேறொருவர் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். தளத்தில் ஏற்றும் வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தளம் திணறியது என்ற காரணத்தை யாரும் ஏற்பதில்லை.

செய்யவே கூடாதது

1950-களில் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் மின்சாதனங்களுக்கு முத்திரையிட்ட டெண்டர் கேட்டபோது, வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து கடைசிக் காசு வரை ஒரே விலை வந்தது. விசாரித்தால், ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உட்பட 29 நிறுவனங்கள் இந்த முறை யார் வெல்வது என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. 1961-இல் ஏழு நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள். இன்று இப்படிப்பட்ட விலை ஒற்றுமையைக் கண்டுபிடிக்க மென்பொருளே இருக்கிறது. போட்டியாளரோடு டெண்டர் விலை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.

லஞ்சமும் அப்படித்தான். 2010-இல் ஐந்து பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு வங்கி ஓராண்டுக்கு மேல் விலக்கி வைத்த நிறுவனத்தை மற்றவையும் விலக்கி வைக்கலாம். ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சதவீதம் கேட்கும் இடைத்தரகர் செய்யும் தவறுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அப்படிப்பட்டவர் இல்லாமல் வேலை கிடைக்காது என்று சொல்லும் இடத்தில் நாங்கள் போட்டியிடுவதில்லை. அதனால் சில பணிகள் போயின. நிம்மதியாகத் தூங்குகிறோம், நிறுவனமும் நடக்கிறது.

முடிவு வந்த பிறகு

தோற்றால் விளக்கம் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் உலக வங்கித் திட்டங்களிலும், முடிவை அறிவித்தபின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காத்திருப்புக் காலம் உண்டு. உலக வங்கி முறையில் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் விளக்கம் கேட்க வேண்டும். கோபத்தோடு போகாதீர்கள், எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் இழந்தோம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் இரண்டாவது வெற்றி அப்படி ஒரு விளக்கக் கூட்டத்தில் எடுத்த ஒன்றரைப் பக்கக் குறிப்பிலிருந்து வந்தது. மதிப்பீட்டில் உண்மையிலேயே தவறு இருந்தால் முறையீட்டுக்கும் அதே காலத்தில்தான் வழி. அது கடந்தபின் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

வென்றால், முதல் வாரமே ஒப்பந்தத்தின் அறிவிப்பு நாள்களை ஒரு நாள்காட்டியில் எழுதுங்கள். 1999-ஆம் ஆண்டு ஃபிடிக் வார்ப்புருவில், கூடுதல் காலமோ பணமோ கேட்க வேண்டிய சூழல் தெரிந்த 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். வாங்கும் அமைப்பு நிலத்தை ஒப்படைக்க இரண்டு மாதம் தாமதித்தது என்றாலும், அன்றே எழுதாமல் விட்டால் அந்தத் தாமதத்துக்கும் தண்டம் கட்டுவது நீங்களாக இருக்கலாம். நல்லுறவு கெடுமோ என்று தயங்க வேண்டாம். மரியாதையாக எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை எந்தப் பொறியாளரும் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழை நீங்களே வரைவு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேளுங்கள். ‘பணி திருப்திகரமாக முடிந்தது’ என்ற ஒற்றை வரி அடுத்த டெண்டரில் எதற்கும் உதவாது. எத்தனை எம்.வி.ஏ. திறன், எத்தனை கிலோவோல்ட், ஒப்பந்த மதிப்பு என்ன, எந்தத் தேதியில் மின்னேற்றம் செய்யப்பட்டது, உங்கள் பங்கு எது என்று அடுத்த டெண்டரின் தகுதி விதி கேட்கும் சொற்களிலேயே இருக்கட்டும். ஓராண்டு கழித்து மறுபடி போய், இத்தனை மாதமாகக் கோளாறின்றி இயங்குகிறது என்று இன்னொரு கடிதம் வாங்குங்கள். அந்தப் பொறியாளர் இடமாற்றலாகிப் போவதற்கு முன் வாங்கிவிடுங்கள்.